நாற்பத்தொரு தடவை செத்தவர்

ஒலுமடுவில் முதல் தடவை செத்தபோது
சோதிநாதன் சிரித்துவிட்டார்.
மிதிவெடி நான்தான்.
தகரப் பேணியைப் பொல்லால் ஓங்கி அடித்துவிட்டு
அதே ஓட்டத்தில் போய்
அவருக்கு மனைவியாக வேண்டும்.
பீட்ரூட் சாறு கட்டிய பொலித்தீன் பை
சாரத்துக்குள் உடையும்.
தலையை விரித்துக்கொண்டு நான் மேலே விழுவேன்.

மீள்குடியேறிய வருடம்.
தறப்பாள் கொட்டில்களுக்கு முன்னால்
சனம் மண்ணில் குந்தியிருந்து பார்த்தது.
சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி
விறகுக்குப் போகிற விசரனாக
ஒரு நாளைக்கு இரண்டு தரம் அவர் போனார்.
தொண்டு நிறுவனம் ஒரு சாவுக்கு
எழுநூற்றைம்பது ரூபாய் கொடுத்தது,
அழுகைக்கு ஐந்நூறு.

கரிப்பட்டமுறிப்பில், பதினேழாவது தடவை,
குழறிக்கொண்டு விழுந்தவரை
முன்னுக்கு இருந்த பிள்ளை மறித்தாள்.
நிரோஜினி. பத்து வயது.
வலது முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
"அண்ணை, அப்பிடிக் கத்தேலாது.
முதல்ல சத்தமே வராது.
செருப்பு எங்கையெண்டுதான் தேடுவம்."

அன்று பின்னேரத்திலிருந்து
அவர் செருப்பைத் தேடினார்.
விழுந்த இடத்தில் இருந்தபடியே
கையால் மண்ணைத் தடவி,
சந்தையில் சில்லறை தவறவிட்டவர் மாதிரி
கொஞ்சம் வெட்கப்பட்டு.
என் ஒப்பாரிக்கு இடமே இல்லாமற் போயிற்று.
முடிந்தும் சனம் எழும்பவில்லை.
நாங்களே பாயைச் சுருட்டி
லான்ட்மாஸ்ரரில் ஏறி வந்தோம்.

நாற்பத்தொன்றோடு நிதி முடிந்தது.
அவர் மாங்குளத்து மரக்காலையில் கணக்கெழுதப் போனார்.
நான் பிரதேச சபையில் தட்டச்சுக்காரி.

தேர்தல் வந்தபோது கட்சிக்காரர்
தெரிந்த முகம் ஒன்று தேடினார்கள்.
"உந்தச் செத்த மனிசனைப் போடுவம்."
சுவரொட்டியில் சந்தனப் பொட்டு வைத்து
இரண்டு காலும் தெரிய நின்றார்.
அம்பகாமத்தில் ஒருத்தி குனிந்து
அவர் கணுக்காலைத் தொட்டுப் பார்த்து
பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னாள்:
"இருக்கு."
அறுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
எது வசனம், எது அவர் என்று
அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும்.
நடிப்பதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பார்,
மூக்கால், சின்னதாய்,
பேணிக்குப் பக்கத்தில் நின்று
நாற்பத்தொரு தடவை கேட்ட மூச்சு.
கூட்டறிக்கையில் அதை எழுத இடமில்லை.

கிறவல் றோட்டு, தெருவிளக்கு, கட்டாக்காலி மாடு:
மூச்சு இழுக்காமலே பேசினார்.
மாடு பிடிக்கும் தீர்மானம் நிறைவேறிய அன்று
தன்னுடைய நாம்பனையே முதலில் கொண்டுவந்து கட்டினார்.
தண்டமும் கட்டினார், பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது.

மூன்றாம் வருடப் பாதீடு.
மிச்சம் ஒன்பது இலட்சம்.
நூலகத்துக்குச் சரிவுப்பாதை,
இல்லாவிட்டால் எல்லையில் வரவேற்பு வளைவு.
நிரோஜினி பார்வையாளர் வாங்கில் இருந்தாள்.
சபைக்கும் படி ஏழு.
ஊன்றுகோலோடு, வாய்க்குள் எண்ணி ஏறிவந்தவள்.

கட்சி, வளைவு என்றது.
சோதிநாதன் எழும்பினார்.
மூச்சு இழுத்தார்.
"பெருமைமிகு எமது மண்ணின் நுழைவாயிலில்..."
நாலு நிமிடம்.
உடைய வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது.
மேசையைத் தட்டினார்கள்.
நான் எழுதினேன்: ஏகமனதாக.

நிரோஜினி ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கும்போதும் எண்ணினாள்.

எல்லாரும் போனபிறகு
சாவியோடு வந்து பார்த்தேன்.
சோதிநாதன் கதிரையை விட்டு எழும்பவில்லை.
குனிந்து, மேசைக்குக் கீழே
ஒரு கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.
சீமெந்துத் தரை.
இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன.

அதற்கு முன் மூச்சு இழுத்தாரா தெரியாது.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
நிற்பாட்டுவதா என்று
ஆளியில் கை வைத்தபடி நின்றேன்.